வாட்சர் தினகரனின் ப்ளூ டிக்

சோலைமட்டம் எஸ்டேட் ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் வாட்சர் தினகரனின் வாட்ஸ்அப் திறந்தபடியே இருந்தது. தினகரனைத்தான் காணவில்லை.

அவன் வாட்ஸ்அப் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால், அது கிளார்க் கலைமதி பார்த்த வேலை. கீழ் கோத்தகிரிக்கும் கீழே, சோலையை ஒட்டிக் கிடக்கும் எஸ்டேட் அது. கரடியும் காட்டெருமையும் சொல்லிவிட்டா வருகின்றன? அதனால் தினமும் காலை ஆறு மணிக்கே தினகரன் தேயிலைக் காடு முழுக்க ஒரு சுற்று சுற்றி வருவான். எந்த நம்பர் காட்டில் என்ன நிற்கிறது என்று எஸ்டேட் குரூப்பில் போடுவான். அதைப் பார்த்த பிறகுதான் பெண்கள் கொழுந்து பறிக்க இறங்குவார்கள். ஆனால் தினகரனுக்கு எழுத வராது. பேசி அனுப்பினால் காற்று இரைச்சலில் ஒரு மண்ணும் விளங்காது. எழுத்தில்தான் வேண்டும் என்று மேனேஜர் ஏகநாதன் தலையைத் தின்றார். கலைமதிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் வாட்ஸ்அப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டாள். அவன் காட்டிலிருந்து அவளைப் போனில் கூப்பிட்டுச் சொல்வான், அவள் அவன் பெயரிலேயே டைப் செய்து குரூப்பில் போடுவாள். இரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்தது. வாட்சர் அண்ணன் எத்தனை அழகாக எழுதுகிறார் என்று பெண்கள் மெச்சிக்கொள்வார்கள். அவனும் மீசையைத் தடவிக்கொண்டு போவான். அவன் பெண்டாட்டி செல்விக்குக்கூட விஷயம் தெரியாது.

ஆடி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஒன்பதாம் நம்பர் காட்டின் விளிம்பில், ஓடைப் பள்ளத்துக்கு மேலே, அவனுடைய ஒற்றை பூட்ஸும் கைத்தடியும் கிடந்தன. கீழே ஓடை கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. தீயணைப்பு ஆட்கள் ஐந்து நாள் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். அன்று காலை ஆறே காலுக்கே அவன் போன் அணைந்துவிட்டது என்று போலீஸ்காரர்கள் விசாரித்துச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் எல்லோரும் மேலே ஏறி வந்து, செல்வியின் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

செல்வி தினமும் சாயங்காலம் அவன் நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை ஏறியது. கலைமதி அதைத் தொடவே இல்லை. தொட்டுத் திறந்தால் செல்வியின் போனில் ப்ளூ டிக் விழும், அவன்தான் பார்த்தான் என்று அந்தப் பெண் நினைத்துவிடும். அதற்காக ஒரேயடியாக லாக் அவுட் செய்துவிடவும் மனசு வரவில்லை, என்னவோ அவனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது மாதிரி இருந்தது. ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். பதினான்கு நாள் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் கம்ப்யூட்டரில் இருப்பது தானாகவே லாக் அவுட் ஆகிவிடும். போன வருஷம் அவன் போன் ரிப்பேருக்குப் போய் மூன்று வாரம் கிடந்தபோது அப்படித்தான் ஆனது. பதினான்கு நாள் போகட்டும், அது தன்னால் போய்விடும், நம் கையால் வேண்டாம் என்று இருந்தாள்.

எட்டாம் நாள்தான் வினை வந்தது. போன மாசம் எங்கெங்கே கரடி வந்தது என்று வனத்துறைக்கு ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும் என்றார் ஏகநாதன். கலைமதி தன் போனிலேயே குரூப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். பெரிய திரையில் பார்த்தால் சுலபம் என்று தினகரனின் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். குரூப் பெயர் முதல் வரிசையில் இருந்தது. அதன் மேல் மவுஸை வைத்து அழுத்தப் போன அதே நொடியில் செல்வியின் புது மெசேஜ் வந்தது. புதிதாக வந்தவர் பெயர்தானே மேலே ஏறும்? குரூப் ஒரு படி இறங்க, செல்வி அந்த இடத்துக்கு வர, விரல் அழுத்திவிட்டது. எட்டு மெசேஜும் திறந்துகொண்டன.

பத்து நிமிஷம் ஆகவில்லை. செல்வி மழையில் நனைந்துகொண்டே ஆபீசுக்கு ஓடி வந்தாள். போனை நீட்டினாள்.

"அக்கா, அவரு பாத்துட்டாருங்க. எட்டையும் பாத்துட்டாருங்க. உசுரோட இருக்காருங்கக்கா."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது நான்தான் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கலைமதிக்கும் வரவில்லை. வராதது நியாயம் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு முடிந்திருக்கும். ஏகநாதன் உடனே தீயணைப்புக்குப் பேசினார். அவர்கள் மறுபடியும் வந்து ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

அவர்கள் போனாலும் செல்வி விடவில்லை. தினமும் மூன்று மணிக்கு மூடுபனி இறங்குகிற நேரத்தில், ஒன்பதாம் நம்பர் காட்டைத் தாண்டிப் பள்ளத்தின் விளிம்பு வரை தனியாகப் போனாள். ஏனுங்க, ஏனுங்க என்று அவள் கூப்பிடுவது ஆபீஸ் ஜன்னல் வரை கேட்டது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. ஒரு நாள் கூப்பிடுகிற சத்தம் பாதியில் நின்றது. கலைமதி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அடுத்த குரலுக்காக எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த நாள் காலை, கொழுந்து பறிக்கும் அங்கம்மா ஆபீசுக்கு வந்து சொன்னாள். நேற்று செல்விக்கும் கரடிக்கும் நடுவில் ஒரு தேயிலை வரிசைதான் இருந்ததாம், எந்தச் சாமி புண்ணியமோ அது திரும்பிப் போய்விட்டதாம். இன்றைக்கும் போவேன் என்கிறாளாம். நீங்கள் சொன்னாலாவது கேட்பாள் என்றாள் அங்கம்மா.

அன்று பதின்மூன்றாம் நாள். கலைமதி மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், தொழிலாளர் லைனில் இருந்த செல்வியின் வீட்டுக்குப் போனாள். செல்வி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். கலைமதி அவளை உட்காரவைத்து, கம்ப்யூட்டர், குரூப், தான் டைப் செய்தது, எட்டாம் நாள் விரல் பட்டது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் பேசுனதயெல்லாம் கேட்டீங்களாக்கா?"

"இல்ல செல்வி. சத்தியமா இல்ல. தொறந்துச்சே தவிர, ஒண்ணக்கூட நான் கேக்கல."

"கேட்டிருந்தாலாச்சும் தேவலைங்க," என்றாள் செல்வி. "அன்னிக்கு விடியால சண்டைங்க. அவருக்கு ஒரு வாய் டீத்தண்ணிகூட குடுக்கல. அதைத்தான் தெனமும் சொல்லிட்டிருந்தேன். ஆருமே கேக்கலைங்களா?"

கலைமதிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. செல்வி பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்தாள். பதினாறாம் நாள் காரியத்தை வைத்துக்கொள்ளலாம் என்று, ஊரிலிருந்து வந்து காத்திருந்த கொழுந்தனிடம் அன்றே தலையாட்டிவிட்டாள்.

பதினான்காம் நாள் சாயங்காலம் ஆபீசில் கலைமதி மட்டும் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடியிருந்தது. திரையில் குரங்குக் குல்லாவோடு தினகரனின் சின்னப் படம். கணக்குப்படி நாளைக்கு அது தன்னால் போயிருக்க வேண்டும். அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. போகாவிட்டால்? நாளைக்கும் இது இப்படியே திறந்திருந்தால், இந்தப் பதினான்கு நாளில் யாரோ அந்தப் போனைத் திறந்திருக்கிறார்கள் என்று ஆகும். முதுகில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. கதவைத் திரும்பிப் பார்த்தாள், தாழ் போட்டபடிதான் இருந்தது. அவள் மவுஸை நகர்த்தி, தன் கையாலேயே லாக் அவுட் செய்தாள். பயம்தான், வேறொன்றுமில்லை. தெரிந்துகொள்ளப் பயம். இனிமேல் செல்வி அனுப்புவது போய்ச் சேர அந்த ஒரு போனைத் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டு, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். கலைமதியும் கிளம்பும்போது செல்வி உள்ளே கூப்பிட்டாள். கழுத்து வெறுமையாக இருந்தது. முகத்தில் மட்டும் என்னவோ ஒரு தெளிச்சி.

"கேட்டுட்டீங்களாக்கா?"

கலைமதிக்குப் புரியவில்லை. செல்வி போனைக் காட்டினாள். தினகரனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ப்ளூ டிக். முதல் எட்டில் அது அவள் விரல் பட்டு விழுந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் இருக்கிற மைக் படமும் நீலமாக மாறியிருந்தது. ஒருவர் அழுத்திக் கேட்டால்தான் அது நீலமாகும். முதல் நாள் அனுப்பியதிலிருந்து, நேற்று ராத்திரி கடைசியாக அனுப்பியது வரை, ஒன்று பாக்கியில்லை.

"காலைல பாத்தேனுங்க," என்றாள் செல்வி. "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டதுக்காக உக்காந்து எல்லாத்தயும் கேட்டிருக்கீங்க. ஆராச்சும் ஒருத்தர் கேட்டீங்கல்ல, எனக்கு அது போதுங்க." கொஞ்சம் தயங்கினாள். "நான் பேசுனதுல தப்பு ஒண்ணும் இல்லைங்களேக்கா?"

கேட்டது நான் இல்லை என்று கலைமதி சொன்னால், இந்தப் பெண் இந்த நிமிஷமே பூட்ஸை மாட்டிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும். இன்றைக்கும் அந்தக் கரடி திரும்பிப் போகும் என்று யார் கண்டது? சொல்லாவிட்டால், சொல்லாவிட்டால் என்னவென்று நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. செல்வி பதிலுக்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் தப்பில்லம்மா," என்றாள் கலைமதி. "எல்லாம் கேட்டேன்."

வெளியே வந்து லைன் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, தன் போனிலிருந்து தினகரனைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது அந்தப் பதிவுக் குரல். மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் அதே குரல். பிறகு, அண்ணா, நான் கலைமதிங்க என்று டைப் செய்து அனுப்பினாள்.

ஒரு டிக் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது டிக்கும் விழுந்தது. இரண்டும் நீலமாயின.

எங்க இருக்கீங்க என்று அனுப்பினாள். அதுவும் நீலமானது. பதில் மட்டும் வரவில்லை. அவனுக்கு எழுத வராது என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பேசி அனுப்பக் கூடாதா, காற்று இரைச்சலோடாவது ஒரு வார்த்தை அனுப்பக் கூடாதா என்று நின்ற இடத்திலேயே கெஞ்சினாள். யாரிடம் ஓடுவது? முன்பு இதே ப்ளூ டிக்கை நம்பி வந்த தீயணைப்பு ஆட்கள், செல்வியிடம் சொன்ன மறுநாளே அவள் போய்ச் சொன்ன விரல் பட்ட கதையைக் கேட்டுக் காறித் துப்பிவிட்டார்கள். ஏகநாதனோ இனி அந்தப் பேச்சையே எடுக்காதே என்றுவிட்டார். சொன்னால் நம்பக்கூடிய ஒரே ஆள் செல்வி. அவளிடம் இப்போதுதான் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மனசு கேட்காமல் திரும்பிப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே செல்வி வெறும் தரையில் சுருண்டு படுத்திருந்தாள். பதினாறு நாளில் அவள் கண் மூடியது இதுதான் முதல் தடவை என்று அங்கம்மா வாசலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். எழுப்பட்டுமா என்று கேட்டாள்.

கலைமதி வேண்டாம் என்று தலையசைத்தாள். மணி மூன்றாகிவிட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் பாதையை விட்டுவிட்டு, ஒன்பதாம் நம்பர் காட்டுப் பாதையில் இறங்கினாள். முதல் வளைவு வரைக்கும் அங்கம்மாவின் கண்ணுக்குத் தெரிந்தாள். அதற்குப் பிறகு குரல் மட்டும் கேட்டது, அண்ணா, அண்ணா என்று.