பின்சீட்டு பெல்ட்

சகாதேவனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். எந்த வண்டியில் ஏற்றுவது என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. வேப்பமரத்தடியில் இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் வெள்ளை. ஒன்று சகாதேவனுடையது, இருபது வருஷத்துக்கு மேலாக டாக்சி ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருப்பது. இன்னொன்று அவர் மகன் திருமலை போன தை மாதம் வாங்கியது. காலையில் மூச்சுத் திணறல் வந்ததும் ஸ்டாண்டுக்காரர் ஒருவர் சகாதேவனை அவருடைய வண்டியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருந்தார். திருமலை சவாரியைப் பாதியில் விட்டுவிட்டுப் புது வண்டியில் ஓடி வந்திருந்தான்.

மகள் வினோதினி இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றாள். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், தகவல் வந்ததும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவள். இதயம் இனித் தேறாது என்றும், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்றும் டாக்டர் அவளிடம்தான் சொன்னார். மூச்சுக்குக் குழாய் போட்டு வைத்துக்கொள்ளலாம், அது சில நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சகாதேவன் குழாய் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். போவதென்றால் இப்போதே கிளம்புங்கள் என்றார் டாக்டர். அன்று பௌர்ணமி. ஆம்புலன்ஸ் எல்லாம் கிரிவலப் பாதையில் நின்றன; ஒன்று திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

வீட்டில் அவர் மனைவி சரசு இருந்தாள். இடுப்பெலும்பு உடைந்து தகடு வைத்துத் தைத்த பிறகு, உள்ளறைக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாள். அவளைத் தூக்கவோ புரட்டவோ கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அந்தக் குடும்பத்தில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. வெளியில் உயிர் போனவரை வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு அங்கேயே வைத்து அங்கிருந்தே எடுப்பார்கள். சகாதேவனின் அண்ணன் அப்பாசாமி இதில் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை. விபத்தில் போன தன் சொந்த மகனையே மழையில் தெருவில் வைத்து எடுத்தவர் அவர். ஆகையால் சகாதேவன் மூச்சோடு படி ஏறினால் சரசு அவர் முகத்தைப் பார்ப்பாள். மூச்சு வழியில் நின்றுபோனால், பத்தடி தள்ளிச் சுவருக்கு உள்பக்கம் படுத்துக்கொண்டு அழுகைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அவரு வண்டியிலயே போவலாம்டா. அதுலன்னா அவருக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள் வினோதினி.

"காலையில வரும்போதே வழியில ஒரு வாட்டி நின்னு, தள்ளித்தான் எடுத்தாங்களாம். இப்ப கூட்டத்துக்கு நடுவுல நின்னா என்னாக்கா பண்றது?"

சகாதேவன் தலையை நிமிர்த்தி, எந்த வண்டி என்று கையாலேயே கேட்டார்.

"புதுசுப்பா" என்றான் திருமலை.

சகாதேவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"கயிறு எடுத்து வெச்சுக்கினியா?"

அந்த நிலைமையிலும் வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள்.

அந்தக் கயிற்றுக்கு ஒரு கதை உண்டு. புது வண்டி வந்த இரண்டாம் மாதம், போளூர் சாலையில் சவாரியோடு நின்றுவிட்டது. ஏதோ ஒரு சென்சார். கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரோடு வந்து பார்த்தால்தான் உண்டு என்றார்கள். சகாதேவன் தன் கிழட்டு வண்டியில் போய், டிக்கியில் இருந்த கயிற்றைக் கட்டி, மகனையும் மகன் வண்டியையும் ஊர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். டாக்சி ஸ்டாண்டு வழியாகத்தான் வந்தார். வேறு வழி இருந்தும் அந்த வழியாகத்தான் வந்தார். அன்றிலிருந்து மகன் சாவியை எடுக்கும்போதெல்லாம் கயிறு எடுத்தாயா என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சேர்ந்து எங்காவது போனால் புதுசு முன்னால் போகட்டும், பழசு பின்னால் வரும், இழுக்க ஆள் வேண்டாமா என்பார்.

இதில் அப்பனும் மகனும் பேசித் தீர்த்ததே இல்லை. பழைய வண்டியில் கோளாறு வந்தால் அது முன்கூட்டியே முனகிச் சொல்லிவிடும், புது வண்டி கடைசி நிமிஷம் வரை நன்றாக இருக்கிறேன் என்று விளக்கைக் காட்டிவிட்டு நடுரோட்டில் படுத்துக்கொள்ளும் என்பது சகாதேவன் கட்சி. வருஷத்துக்கு ஒருமுறை நிற்பதும் வாரத்துக்கு ஒருமுறை நிற்பதும் ஒன்றாகுமா, அதுவும் புதுசில் இடித்தால் காற்றுப் பை விரியும், பெல்ட் போடாவிட்டால் கத்தும், ஆளுக்குப் பாதுகாப்பு ஜாஸ்தி என்பது திருமலை கட்சி. அந்தக் கத்தல்தான் சகாதேவனுக்கு ஆகாது. வண்டியை நான் ஓட்டுகிறேனா, அது என்னை ஓட்டுகிறதா என்று கேட்பார். வாழ்நாள் முழுக்கப் பெல்ட் போடாதவர் அவர். போலீஸைக் கண்டால் தோளில் ஒப்புக்கு எடுத்துப் போட்டுக்கொள்வார். மகன் வண்டியை ஓட்ட நேர்ந்தால் பெல்ட்டை முதலில் மாட்டிவிட்டு அதன்மேல் போய்ச் சாய்ந்துகொள்வார். ஆனால் தன் உடம்பு விஷயத்தில் மனுஷன் புது வண்டி மாதிரிதான் நடந்துகொண்டார். முந்தின நாள் வரைக்கும் ஒரு முனகல் இல்லை.

படுத்தால் மூச்சு முட்டியது. அதனால் பின்சீட்டில் இடதுபக்கம் உட்காரவைத்தார்கள். வினோதினி பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. அவர் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே கொண்டுவந்தாள். சகாதேவன் அவள் கையைத் தட்டிவிட்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"கட்டாதமா. மூச்சு வாங்குது."

"உட்டுடுக்கா, கத்தினா கத்தட்டும்" என்றான் திருமலை.

ஈசானிய லிங்கத்தருகே தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தடுப்பை நகர்த்தினார்.

அதற்கப்புறம் நடை வேகம்தான். ஜனம் மலையை வலம் வந்துகொண்டிருக்க, வண்டி எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தது. வருகிற முகங்களெல்லாம் நேராகக் கண்ணாடிக்குள் பார்த்தன. செருப்பில்லாத கால்கள், தோளில் குழந்தைகள், கையில் தண்ணீர் பாட்டில். திருமலை ஹாரன் அடிப்பான், கூட்டம் கொஞ்சம் விலகும், மறுபடி மூடிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது வண்டி கத்துவதில்லை. உள்ளே சகாதேவனின் மூச்சு மட்டும் கேட்டது. சிலர் வண்டிக்குள் பார்த்துவிட்டுத் தங்களை அறியாமல் கைகூப்பினார்கள். ஒரு பெண் தன் நெற்றி விபூதியைத் தொட்டு, மூடிய கண்ணாடிமேல் அவர் முகத்துக்கு நேராகப் பூசிவிட்டுப் போனாள்.

குபேர லிங்கம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"உங்கம்மா முழிச்சுக்கினு இருக்காளா?"

"இருக்குதுப்பா. போன் பண்ணிட்டேன். காத்துக்கினு இருக்குது" என்றாள் வினோதினி.

அவர் தலையை ஆட்டியதுபோல் இருந்தது. மோர்ப் பந்தல் ஒன்றின் முன் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. திருமலை கண்ணாடியை இறக்கிக் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் வினோதினிக்கு மூச்சு கேட்கவில்லை. கண்ணாடி ஏறி சத்தம் அடங்கிய பிறகும் கேட்கவில்லை. தோளில் தலையின் கனம் மட்டும் கூடியிருந்தது. அவர் மூக்கின்கீழ் விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். வேட்டியின்மேல் கிடந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கத்தி அழ வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திருமலையிடம் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது. பெரியப்பா வாசலில் நின்று முகத்தைப் பார்த்தாலே உடைந்துவிடுவான். தெரியாமல் இருந்தால்தான் தைரியமாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவான். பொய் தன்னோடு போகட்டும்.

அடி அண்ணாமலையில் பெரிய பாதையை விட்டு ஊருக்குள் போகும் தார்ச்சாலையில் திரும்பினார்கள். இங்கே கூட்டமில்லை. திருமலை அழுத்தினான். வண்டி உடனே கத்தத் தொடங்கியது. டிங் டிங் டிங் டிங். பெல்ட் போடாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வண்டிக்கு அவ்வளவுதான் தெரியும். வினோதினியால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. பெல்ட்டை இழுத்து, அவர் மார்பின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். இந்த முறை யாரும் கையைத் தட்டிவிடவில்லை.

சத்தம் நின்றது. திருமலை மேலே இருந்த கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். வீடு வரும்வரை ஹாரன் அடிக்கவில்லை.

வாசலில் அப்பாசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் தெருவே நின்றது. வண்டி நிற்குமுன்னே வினோதினி அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். சொல்ல வேண்டிய பொய்யை நாக்கில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அதற்குள் திருமலை இறங்கி ஓடி வந்து அப்பாவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டிருந்தான்.

"புடிங்க பெரியப்பா. மூச்சு இருக்குது. சீக்கிரம் புடிங்க."

அப்பாசாமி காலைப் பிடித்தார். படி தாண்டியாயிற்று. உள்ளறையில் சரசுவின் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த பாயில் தலையணைமேல் சாய்த்து வைத்தார்கள். சரசுவின் கை கட்டிலிலிருந்து இறங்கி அவர் கன்னத்தைத் தொட்டது. தொட்ட கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு முகம் முழுவதையும் மெதுவாகத் தடவியது. யாரோ பால் கிண்ணத்தை நீட்டினார்கள். படுத்தபடியே ஸ்பூனால் அவர் வாயில் ஊற்றினாள். பால் கடைவாய் வழியாக இறங்கியது. மற்றவர்கள் பார்க்குமுன் தன் புடவையால் துடைத்துவிட்டாள்.

"குடிச்சிட்டாரு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அப்பாசாமி குனிந்து மூக்கில் விரல் வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்காமல், இப்போதுதான் அடங்கியது என்று சொன்னார். அழுகை எழுந்தது. வீடு வந்து, பெண்டாட்டி கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர், கொடுத்துவைத்தவர் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வினோதினி அவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. நாலு பெண்கள் பிடித்தும் நிற்கவில்லை.

பால் தெளித்த மறுநாள், ஆஸ்பத்திரியில் விட்டு வந்த பழைய வண்டியை எடுத்து வரக் கிளம்பினார்கள். ஓட்டத் தெரிந்தவள் வினோதினி. அப்பாதான் அந்த வண்டியிலேயே கற்றுக்கொடுத்தார். புது வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பௌர்ணமி முடிந்த பாதையில் காகிதத் தட்டும் பாட்டிலும் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மோர்ப் பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அதைத் தாண்டும்போது திருமலை பேசினான்.

"நீ பெல்ட் மாட்டனப்பவே தெரிஞ்சுதுக்கா."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா இருந்திருந்தா மாட்ட உட்டிருப்பாரா?"

இவனுக்குப் பொய் வராது என்று நினைத்தோமே என்று அவளுக்குத் தோன்றியது.

"பழசுல கொண்டு போயிருந்தா அது கத்தியிருக்காது. வூடு வர்ற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் திருமலை.

எது நல்லது என்று அவன் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் இதற்கு ஒரு கட்சி கட்டியிருப்பார்.

பழைய வண்டியின்மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. உள்ளே அவருடைய துண்டு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். வினோதினி சாவியைத் திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும்வரை அவர் சொல்லிக்கொடுத்தபடி காத்திருந்தாள். முதல் தடவை இருமி நின்றது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. வண்டி முழுவதும் நடுங்கி ஓடியது. பெல்ட்டை இழுத்தாள். வெளியே தெரிந்த பாகம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. உள்ளே சுருண்டு கிடந்தது வரவர, அது அன்றைக்கு வாங்கியதுபோல் கறுப்பாக இருந்தது. மாட்டிக்கொண்டாள்.

திருமலை தன் வண்டியை கேட் ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்தான். அவள் நகரவில்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"நீ முன்னால போடா. கயிறு எங்கிட்டதான் இருக்குது."

அவன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தான். பிறகு கிளம்பினான். அவள் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள்.