ஏரி வளைவு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு மகள் டேப்லெட் வாங்கித் தந்தது, மனுஷன் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் உயிரை எடுக்காமல் இருக்கட்டுமே என்றுதான். அவரோ இயற்கைக் காட்சி வரைகிறேன் பேர்வழி என்று சாப்பாட்டு மேஜையையே பிடித்துக்கொண்டார். தப்பாகப் போட்ட கோட்டை ஒரே தட்டில் அழிக்கும் பொத்தான்மேல் அவருக்கு அப்படியொரு காதல். "இது மட்டும் பஸ்ஸுல இருந்திருந்தா!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

"மலையும் மரமும் போதும். நம்ம ஏரியை வரைஞ்சு குடுங்க," என்றாள் மனைவி. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவளால் பஸ் படி ஏற முடிவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தையல் கம்பெனி வேலைக்கு அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் தினமும் போய்வந்தாள். வழியில் ஒரு வளைவு, திரும்பியதும் ஏரி. "தினம் பாத்ததுதானே, கண்ணை மூடிட்டே வரைவீங்க."

"அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்!" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

சாலை தத்ரூபமாக வந்தது. தேய்ந்த வெள்ளைக் கோடு, தார் பெயர்ந்த ஓரம், சாய்ந்த எச்சரிக்கைப் பலகை. ஏரி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு நீலப் பட்டை. கரையில் மரமா, பாறையா? சத்தியமாகத் தெரியவில்லை. அந்த வளைவில் சாலையைத் தவிர வெளியே வேறெதையும் அவர் பார்த்ததேயில்லை. இதை எந்த முகத்தோடு சொல்வது? இத்தனை நாளில் அவள் ஆசையாகக் கேட்ட ஒரே படம்.

சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பஸ்ஸிலேயே ஏறிப் போனார். ஏரிக்கரையில் நிறுத்தம் கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் உண்டு. வளைவு வந்தது. கண் தானாகச் சாலைக்குப் போயிற்று, வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. திரும்பி வரும்போதும் அதே கூத்து. "அண்ணே, பிரேக்கு என்கிட்ட இருக்கு, நீங்க ஏன் மிதிக்கறீங்க?" என்று சிரித்தான் புது டிரைவர். மானமே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைப் போட்டு உடைத்தார். "நான் அந்த ஏரியைப் பாத்ததே இல்லம்மா. எப்படி இருக்கும்னு நீயே சொல்லு."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அவள் தடுமாறினாள். "அது... பெரிசா இருக்கும். தண்ணி நிறைய இருக்கும்."

"அடேயப்பா! ஏரியில தண்ணியா?"

"எனக்கு விவரமா சொல்ல வராது, போங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் நீலப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஏரி வந்துவிட்டதென்று அவருக்குச் சொன்னது தலைக்கு மேலே இருந்த கண்ணாடிதான். வளைவு திரும்பியதும் அதில் பயணிகளின் முகமெல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அந்த முகங்கள் அவருக்கு மனப்பாடம். ஏரியை அழித்துவிட்டுக் கண்ணாடியை வரைய ஆரம்பித்தார். கூடைக்காரம்மா, தூங்கி வழியும் வாத்தியார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லார் கன்னத்திலும் தண்ணீரின் வெளிச்சம். ஒரே ஒரு பெண் மட்டும் திரும்பவில்லை. நேராகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தை வாங்கிப் பார்த்தவளுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

"அட மனுஷா! அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"கண்ணாடி பாக்கறது என் வேலையாச்சே. ஆக, நீயும் ஏரியைப் பாக்கல!"

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சும் ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பாக்கணும்னு தோணலையா?"

"தோணாம என்ன? உன்னையும் வச்சுத்தானேம்மா ஓட்டிட்டிருந்தேன்."