தர்பூசணிக்கு ஒரு தொப்பி

ஞாயிறு காலை அடுப்படியையே புரட்டிப்போட்டுத் தேடியும் அப்பம் சுடும் வார்ப்பிரும்புக் கல் லோர்னாவுக்கு அகப்படவில்லை. "கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?" என்று கணவனைக் கேட்டாள்.

வெர்ல் ஆஸ்குட் காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி, "பழைய சாமான். எங்கயாவது கிடக்கும்" என்றார்.

வீட்டில் மூவரும் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு மேய்ச்சல் நிலத்துக்குக் கிளம்பினார்கள்.

ஐடஹோ மலையடிவாரத்தில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வெர்லுடையது. மகள் மார்சி ஷெரிஃப் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அங்கே தரும் மார்புக் கவசம் வர இன்னும் ஆறு வாரம். அதுவரை சும்மா இருக்க வெர்லுக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு எஃகுத் தகடுகளை வாங்கிவந்து, பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு அடிக்கும் ரப்பர் பூச்சை அவற்றின் மேல் மூன்று தடவை அடித்தார். எஃகு குண்டைத் தடுத்துவிடும். ஆனால் மோதிச் சிதறும் குண்டின் துணுக்குகள் தகட்டோடு வழுக்கிக்கொண்டு மேலே மோவாய்க்கும் கழுத்துக்கும் பாயும். அவற்றைப் பிடித்து வைக்கத்தான் இந்தப் பூச்சு.

"குண்டுக்குத் தப்பிச்சுத் துணுக்குக்குச் சாகறதா? சுட்டுப் பாத்துட்டுத்தான் போடுவேன்" என்று மார்சி சொல்லியிருந்தாள்.

தகட்டுக்கு மேலே, மோவாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தர்பூசணியை வைத்துச் சுட்டுப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மார்சி அதோடு விடாமல் பந்தயம் கட்டினாள். "பழத்துக்கு உன் தொப்பியப் போடு. உன் பூச்சு மேல உனக்கு நம்பிக்கை இருக்கில்ல?"

இளமையில் துள்ளும் காளை மேல் எட்டு விநாடி உட்கார்ந்து ஜெயித்த தொப்பி அது. பூச்சின் மேல் வெர்லுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. தொப்பி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்ஜாக்கிரதை. விடிந்ததும் விடியாததுமாக வந்து, தகட்டுக்கு மேலே குறுக்காக இரண்டு கம்பிகளைக் கட்டி, சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார். அப்பக் கல் அந்த மடிப்புக்குள் இருந்தது. பழம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

"சிம்மாசனமாட்டம் இருக்கே" என்றாள் லோர்னா.

"பழம் உருளக்கூடாதில்ல."

மார்சி நூறு கஜத்தில் குப்புறப் படுத்து ஒரே ஒரு தடவை சுட்டாள். தகடு டங்கென்றது. தொப்பி அசையவில்லை. அவள் துப்பாக்கியைக் காலி செய்து, "இப்ப போகலாம்" என்று சொல்லும்வரை யாரும் நகரவில்லை. சொன்னதும் வெர்ல்தான் முதலில் நடந்தார், ஏறக்குறைய ஓட்டம்.

மார்சி தொப்பியை எடுத்துப் பார்த்தாள். பழத்தைத் தூக்கிச் சுற்றிலும் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"பெரிய ஆளுதான்பா நீ. நாளைக்கே போட்டுக்கறேன்." கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு, தகட்டின் மேல்விளிம்பு எங்கே வரும் என்று தொண்டைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

வெர்ல் அந்த விரலைப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். அதன் அடிப்பக்கம் சல்லடையாகியிருந்தது. மடிப்பைப் பிரித்துக் கல்லை வெளியே எடுத்தார். கருத்த இரும்பில் ஏழு இடத்தில் புதுப் பள்ளம் பளபளத்தது.

முதலில் பேசியது லோர்னா. "கால் முளைச்சது எனக்கு முன்னாடியே தெரியும். இவ்வளவு தூரம் நடக்கும்னுதான் தெரியாது."

"அப்பா!"

"தொப்பிக்காகத்தான் கண்ணு" என்றார் வெர்ல். "பூச்சு பிடிச்சிருக்கும்னு சத்தியமா நெனச்சேன்." பேசிக்கொண்டே தகட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். வாழைப்பழத் தோல் போலப் பூச்சு உரிந்து வந்தது. அடியில் எஃகு கண்ணாடியாக மின்னியது. அவருக்கு விளங்கிவிட்டது. பட்டறைக்குள் வரும் எந்த உலோகத்தையும் மெழுகு தடவித் துடைக்காமல் கீழே வைக்காத கை அது. சொரசொரப்பாக்கிவிட்டு அடிக்கவேண்டிய தகட்டை, அடிப்பதற்கு முன்னால் அந்தக் கை பழக்க தோஷத்தில் மினுக்கி வைத்திருந்தது.

"மெழுகு போட்டியா?" என்றாள் மார்சி.

"போட்டிருப்பேன்."

"மெழுகுக்கு மேல பெயின்ட் நிக்காதுன்னு ஊர்ல இருக்கறவன எல்லாம் திட்டுவியே."

வெர்ல் அந்தத் தகட்டைக் கழற்றினார். அடுத்த தகட்டைக் கட்டினார். கல் இல்லாமல் வெறும் சாக்கை விரித்து, பழத்தை வைத்து, தொப்பியைத் தன் கையாலேயே அதன் தலையில் வைத்து நேராக்கினார்.

"வேணாம்பா. அதான் தெரிஞ்சுபோச்சே."

"பந்தயம்னா பந்தயம். சுடு."

பழத்தில் பாதிதான் மிஞ்சியது. தொப்பியின் விளிம்பில் நான்கு ஓட்டைகள்.

ஆறு வாரமும் மார்சி அலுவலகத்தில் மேஜை வேலையே கேட்டு வாங்கிக்கொண்டாள். வெர்ல் அந்தத் தொப்பியோடுதான் ஊருக்குள் போய்வந்தார். யாராவது விசாரித்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் லோர்னா முந்திக்கொள்வாள்: "அதவிட என் கல்லுல மூணு கூட."