எட்டடிக் கணப்பு

வெர்லினைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கு வந்த பதினான்கு மாதங்களில் மார்லிஸ் சோஃபாவை ஒன்பது இடங்களில் போட்டுப் பார்த்துவிட்டாள். கணப்புக்குப் பக்கத்தில் போட்டால் முழங்கால் வெந்தது. தள்ளிப் போட்டால் சமையலறைக்குப் போகும் வழியை மறித்தது. பக்கவாட்டில் போட்டால் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் விறகு எரித்துக் குளிர்காயும் அந்தக் கணப்புதான். எட்டடி அகலம், தரையிலிருந்து கூரைவரை ஆற்றுக்கல். சாம்பல் நிறமும் துரு நிறமுமாக ஒவ்வொன்றும் பூசணிக்காய் பருமன். முன்னால் மூன்றடிக்கு நீட்டிக்கொண்டிருந்த கல்மேடையில் அவள் கால்விரலை இடித்துக்கொள்ளாத வாரமே கிடையாது. பக்கத்துச் சுவருக்கு எந்த வண்ணம் அடித்தாலும் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி தெரிந்தது. உச்சியில் பாடம் செய்து மாட்டிய ஒரு எல்க் மானின் தலை, தொலைக்காட்சி பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்த புதிதில் ஒரு தடவை, "இதைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அதுல மட்டும் கை வைக்காத மார்லிஸ். ஒவ்வொரு கல்லும் நானும் நடீனும் ஆத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தது."

நடீன் வெர்லினின் முதல் மனைவி. இறந்து ஆறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருப்பவளிடம் சண்டை போடலாம். இறந்துபோனவள் சுமந்த கல்லை என்ன சொல்வது? வடக்கு டகோட்டாவிலிருந்து மார்லிஸ் கொண்டுவந்த பதினோரு பெட்டிகளில் பத்து, இன்னும் பிரிக்கப்படாமல் ஷெட்டில் கிடந்தன.

பிரித்த ஒரு பெட்டியில் இருந்தது அக்கா ஆர்டிஸ் வரைந்த ஓவியம். பெரிய வானம், கீழே ஒரு பட்டை சூரியகாந்தி வயல். அந்தக் கூடத்தில் தன்னுடையது என்று சொல்ல இது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வருபவர்கள் பார்க்கட்டுமே. கல்லில் ஆணி இறங்கவில்லை. பசைநாடா ஒரு ராத்திரி தாங்கவில்லை. கடைசியில் கணப்புக்கு மேலிருந்த மரப்பலகையில் சாய்த்து வைத்தாள். பலகை என்றால் பலகையா? லார்ச் மரத்தைப் பாதியாகப் பிளந்து அப்படியே பதித்திருந்தான் வெர்லின். மேடும் பள்ளமுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை விறகோடு உள்ளே வந்த வெர்லின் கதவைக் காலால் சாத்தினான். அந்த அதிர்வில் ஓவியம் நழுவி, கல்மேடையில் மூலை குத்தி விழுந்தது. சட்டம் பிளந்துவிட்டது.

"அடடா! அடி கிடி படலையே?"

"யாருக்கு? எனக்கா, உன் கல்லுக்கா?"

"கல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான், நிஜமாகவே கேட்கிறாள் என்று நினைத்து.

மார்லிஸ் பல்லைக் கடித்தாள். "ஒரே ஒரு துளை போட்டுக் குடு வெர்லின். ட்ரில் உன்கிட்டதானே இருக்கு."

"கல்லு பிளந்துரும்."

"அப்ப இடையில இருக்குற சிமெண்ட்ல போடு."

"சிமெண்ட் உதிரும்."

"என் சாமானையெல்லாம் நான் எங்கதான் வைக்கிறது?"

வெர்லின் தாடையைச் சொறிந்து யோசித்தான். "ஷெட்ல நெறைய இடம் இருக்கே."

மார்லிஸ் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளை எல்லாம் உதறி மறுபடி மடித்தாள். ஐம்பத்தாறு வயதில், இன்னொருத்தி வீட்டுக்கு விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று அழுகையாக வந்தது. அழவில்லை. துண்டைத்தான் அறைந்தாள்.

அன்று பிற்பகல், விருந்துக்கு உதவ இரண்டு நாள் முன்னதாகவே வந்தாள் வெர்லினின் மகள் கொரீன். கையில் பூசணிக்காய் வைத்துச் சுட்ட இரண்டு பலகாரத் தட்டுகள். மார்லிஸிடம் அவள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள், ஆனால் அளந்து பேசுவாள். மேசைமேல் உடைந்து கிடந்த சட்டத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"அந்தக் கணப்போட வேலையா?"

"ஆமா."

கொரீன் சிரிக்க ஆரம்பித்தாள். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா அதுல மாட்டப் பாத்து மூணு கண்ணாடி, ஒரு கடிகாரம் உடைச்சாங்க. அதுக்கப்புறம் விட்டுட்டாங்க."

மார்லிஸுக்குப் புரியவில்லை. "உங்கம்மாவுக்கு அது உசுருன்னுல்ல நெனச்சேன்?"

"உசுரா? மார்லிஸ், அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது! கோடை வந்தா ஒரு போர்வையப் போட்டு மூடிருவாங்க. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நெனச்சுப் பாருங்க."

மார்லிஸ் நினைத்துப் பார்த்தாள். மேற்குச் சுவர். அதன் பின்னால் விறகு அடுக்கும் இடம், வேலி, அப்புறம் பைன் மரங்கள், அதற்கும் மேலே பனி மூடிய மலைத்தொடர் முழுவதும். தினமும் விறகு எடுக்கப் போகும்போது நின்று பார்க்கிற மலை. அதை மறைத்துக்கொண்டு ஒருவன் எட்டடிக்குக் கல் அடுக்கியிருக்கிறான் என்பது பதினான்கு மாதமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அங்க ஜன்னல் வேணும்னு அம்மா வருஷா வருஷம் கேட்டாங்க" என்றாள் கொரீன்.

"எங்கிட்ட கேக்கவே இல்ல."

வாசலில் வெர்லின் நின்றிருந்தான். கையில் விறகு. எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியாது.

"கேட்டாங்கப்பா. நீங்க நெருப்பத் தூண்டிக்கிட்டே ம்ம், ம்ம்னு சொல்வீங்க."

வெர்லின் விறகைக் கீழே போடாமல் அப்படியே நின்றான். "நீ கைக்குழந்தை அப்ப" என்றான் மகளிடம். "டிரெய்லர் வண்டி வீட்டுல இருந்தோம். அந்தக் குளிர்காலத்துல உங்கம்மா உன்னக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. குழாய்த் தண்ணியெல்லாம் உறைஞ்சு போச்சு. இனிமே நீ குளிர்ல கிடக்க வேண்டாம்னு அவகிட்ட சொன்னேன். அதுக்குத்தான் கட்டினேன்." "அவளும்தானே கல்லு தூக்கினா. ஒரு வார்த்தை சொல்லலையே."

"உங்க முகத்தப் பாத்துட்டு எப்படிப்பா சொல்வாங்க? கட்டி முடிச்சப்புறம்தான் சொல்ல ஆரம்பிச்சாங்க."

வெர்லின் விறகைக் கணப்போரம் அடுக்கினான். ஒவ்வொரு கட்டையாக, மிகவும் நிதானமாக. பிறகு ஷெட்டுக்குப் போய் ட்ரில்லைக் கொண்டுவந்தான். அவன் ஏணியில் ஏறி முதலில் எல்க் தலையை இறக்கினான். பிறகு சிமெண்டில் துளை போட்டான். கூடமெல்லாம் வெள்ளைத் தூசி. கொரீன் பலகாரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சட்டத்தை ஒட்டி, ஓவியத்தை மாட்டிவிட்டு மூவரும் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

அத்தனை பெரிய கல்சுவரில் ஆர்டிஸின் வானம் ஒரு தபால்தலை அளவுக்குத் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் வெர்லின்.

"நல்லாவே இல்ல" என்றாள் மார்லிஸ். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து எறியவேண்டும் போலவும் இருந்தது. "ஓவியம் வேற எடத்துல இருக்கட்டும். கணப்பும் இருக்கட்டும், இடிக்கச் சொல்லல. ரெண்டு பக்கமும் நாலு நாலு அடி சுவர் சும்மா கெடக்கே. அங்க ஜன்னல் வை."

"பனிக்காலத்துல சுவர உடைக்கச் சொல்றியா?"

"வசந்தத்துல."

"பாக்கலாம்."

"இந்த ம்ம் எல்லாம் எங்கிட்ட வேண்டாம். நான் நடீன் இல்ல. எந்த மாசம்னு சொல்லு."

கொரீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வெர்லின் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சுவரில் ஒரு கோடு போட்டு, "மே" என்று எழுதினான்.

மே மாதம் இடது பக்கம் ஜன்னல் வந்தது. வலது பக்கம் பிளந்து பார்த்தால் உள்ளே மின்கம்பிகள் பின்னிக் கிடந்தன. மூன்று நாள் திட்டிக்கொண்டே கிடந்துவிட்டு, மறுபடி மூடிவிட்டான் வெர்லின். ஒரு கண்ணை மூடிக்கொண்ட முகம் மாதிரி ஆகிவிட்டது கூடம். முன்பாவது ஒரே சீராக அசிங்கமாக இருந்தது என்று மார்லிஸ் தொலைபேசியில் அக்காவிடம் புலம்பினாள். ஆனாலும் காலையில் காப்பியோடு அந்த ஒற்றை ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், பைன் மரங்களுக்கு மேலே ஒரு துண்டு மலை தெரிந்தது. சில நாள் வெர்லினும் தன் கோப்பையோடு வந்து பக்கத்தில் நிற்பான்.

சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, திரை போடவேண்டும் என்று ஜூனில் ஆரம்பித்தான். போடவே கூடாது என்றாள் அவள். அந்தச் சண்டை கோடை முழுக்க நடந்தது.