இருவர் திருப்பிய தொட்டி

1

இந்தக் கதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கிடைத்தது. அங்கே ஒரு பூந்தொட்டி. காலையில் ஒரு பெண் அதை வலப்பக்கம் கால்சுற்று திருப்பிவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் நான் எழுத்து வகுப்புக்குக் கிளம்பும்போது வேறொரு பெண் அதை இடப்பக்கம் கால்சுற்று திருப்புவாள். நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: அந்த வீட்டுக்குள் வசந்தம் மெல்ல நுழைந்து… (வேண்டாம். வசந்தம் அப்படியெல்லாம் நுழையாது.)

இரண்டாவது: அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு வாரமாகப் பேச்சில்லை.

இதுவே இருக்கட்டும். அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டுக்கு வந்த யாரிடமோ அண்ணி, "இவ எங்களோட தங்கியிருக்கா" என்று சொல்லிவிட்டாள்.

"தங்கியிருக்கேனா? இதென்ன லாட்ஜா அண்ணி?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"ஜன்னல் தொட்டியில நான் நட்ட அமரில்லிஸ் கிழங்கு பூத்து முடியட்டும். நான் வேற ரூம் பார்த்துட்டுப் போயிடறேன். மொட்டோட வண்டியில ஏத்தினா தண்டு ஒடிஞ்சிடும், அதான் பார்க்கறேன்."

அண்ணியின் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். (இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.)

3

இங்கே எனக்கு அண்ணிமேல் ஒரு சந்தேகம். நாத்தனார் போகக்கூடாது என்றால், தொட்டியைக் குளிர்ந்த அறையில் வைத்துப் பூவைத் தள்ளிப்போட்டிருக்கலாமே? 'ஒருநாள் அண்ணி தொட்டியைத் தூக்கிக்கொண்டு' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். லென்ஸில் ஒரு கீறல் விழுந்தாலே சோறு இறங்காதவள் அவள். தண்டு வெளிச்சத்துக்காகக் கோணிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. அதனால் தினமும் காலையில் திருப்பினாள். கோபத்திலிருக்கும் வீட்டில் அடுத்தவளும் திருப்புவாள் என்று இருவருக்குமே தோன்றவில்லை. காலையில் ஒருத்தி திருப்பியதைச் சாயங்காலம் இன்னொருத்தி பழையபடி திருப்ப, பகல் முழுக்க ஒரே பக்கத்தில் வெயில் பட்டு, தண்டு மேலும் சாய்ந்தது.

4

ஒரு சாயங்காலம் அண்ணி சீக்கிரம் வீடு திரும்பினாள். நாத்தனாரின் கை தொட்டிமேல்.

"ஏய், அதை ஏன் அந்தப் பக்கம் திருப்பறே? தினம் காலையில நான்தானே இந்தப் பக்கம் திருப்பி வைக்கறேன்!"

"நீங்களா? நான் இதை வித்த நர்சரிக்காரரை இல்ல திட்டிட்டிருந்தேன், கோணல் கிழங்கைத் தலையில கட்டிட்டார்னு!"

"ஊருக்கே ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்குடுக்கறே, இது தெரியலையா?"

"ரெண்டு பேர் ஓட்டற வண்டின்னு யார் சொன்னாங்க அண்ணி?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். (சிரிப்போடு நிறுத்தலாமா? கூடாது. அவள் போவாளா மாட்டாளா என்பது இன்னும் அப்படியே இருக்கிறது.)

5

முடிவு ஒன்று: பூக்கிறது, உதிர்கிறது, நாத்தனார் தொட்டியோடு கிளம்புகிறாள். எழுதிப் பார்த்தேன், அன்று வகுப்பில் மனசு ஓடவில்லை.

முடிவு இரண்டு: அண்ணி கண்ணீர்விட்டு… (இவர்கள் அந்த ரகமில்லை.)

முடிவு மூன்று: தண்டுக்கு முட்டுக்கொடுக்க அண்ணி குச்சி ஊன்றுகிறாள்.

"கிழங்குல குத்திடாதீங்க."

"தெரியும். இங்க பாரு, பச்சையா ஏதோ முளைக்குது. இன்னொரு மொட்டா?"

"இலையா இருக்கும்."

"மொட்டா இருந்தா அதுவும் பூத்து முடியணுமில்ல?"

நாத்தனார் குனிந்தாள். தடித்து ஈட்டிமுனைபோல் இருந்தால் மொட்டு, தட்டையாக இருந்தால் இலை. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனாலும் குனிந்தபடியே இருந்தாள்.

"என்னம்மா தெரியுது?"

அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அங்கே முளைத்தது இலையாகவே இருந்தாலும், அவளை உடனே நிமிர வைத்துவிடாதீர்கள்.