கிடங்குக் கதவின் முதல் பலகை

பிலவங்க வருடம், ஆவணி 14.

இன்று ஒரு பிழை செய்தேன். கிடங்குக் கதவுக்கென்று கொடுத்த தேக்குப் பலகையின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டுவிட்டேன். எங்கள் குப்பத்தில் படகுப் பலகைகளை ஆணியால் அடிப்பதில்லை; துளையிட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் தைப்போம். அலை மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். கதவை அலை மோதாது என்பது என் கைக்கு நினைவில்லை. பாதிப் பலகை முடிந்த பிறகுதான் கண்டேன்.

உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கோட்டைக்கு வெளியே உள்ள பட்டறையில், மாலை வேளைகளில் அளவும் எழுத்தும் தச்சும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடம் கேட்பவர்களில் நான் ஒருவன்தான் மீன்பிடிக் குப்பத்தான். இந்தக் கதவு சரியாக அமைந்தால் பட்டறைத் தச்சனாகச் சேர்ப்பார்கள். இல்லையென்றால் அண்ணனோடு வலைக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் இழைத்துக்கொண்டிருந்த சந்தியாகு பலகையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா குப்பா, கதவ கடல்ல எறக்கப் போறியா? துடுப்பும் ஒண்ணு செதுக்கிடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

மேஸ்திரி வேதாசலம் சிரிக்கவில்லை. துளைகளைத் தடவிப் பார்த்து, இடைவெளி ஒழுங்காக இருக்கிறதென்றார். கப்பல் சரக்கு இறக்கும் தையல் படகுகள் கட்ட ஆள் தேவை, நாளையே சேர்த்துவிடுகிறேன், பலகையும் அங்கே உதவும் என்றார்.

நல்ல வேலைதான். ஆனாலும் என் பார்வை வாசலுக்குப் போனது. வெளியே, கடலோடு சேரும் உப்பு ஏரி தெரிந்தது. அந்தி வெளிச்சத்தில் நீருக்கும் வானுக்கும் நடுவே கோடு இல்லை. தோணிரேவு ஊர்ப் பக்கம் படகுகள் காற்றில் தொங்கின. பிறந்ததிலிருந்து நான் தொட்டதெல்லாம் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த நீர்நடுவே ஒரு கதவு மட்டும் நிமிர்ந்து நிற்பதாகவும், அலைகள் அதன் இரு பக்கமும் மெல்ல விலகிப் போவதாகவும் எனக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ.

"இன்னாடா சொல்ற?" என்றார் மேஸ்திரி.

"கதவே செய்றேங்க. நிக்கிற சாமான் ஒண்ணு செய்யணும்னு ஆசைங்க."

"ஆசைக்கு இன்னொரு பலகை தரேன். அதுவும் கெட்டா எங்கிட்ட வராத, வலைக்கே போயிடு."

வீட்டில் மனைவி இருசம்மாளிடம் சொன்னேன். கைக்கு வந்த வேலையை விட்டதற்குத் திட்டுவாள் என நினைத்தேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம வூட்டுக்கே ஓலைத் தட்டிதான். யாருக்குய்யா கதவு?"

வெள்ளைக்காரரின் வியாபாரக் கும்பினிக் கிடங்குக்கு என்றேன்.

"தெறக்கிறவனுக்கு நீ செஞ்சதுனு தெரியுமா?"

தெரியாது என்றேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, கதவைச் சாத்தினால் கடலோசை உள்ளே கேட்குமா என்று விசாரித்தாள். கேட்காது என்றேன். உறுதியாகத் தெரிந்து சொல்லவில்லை.

நாளை செய்ய வேண்டியது: புதுப் பலகையின் ஒரு முகத்தை இழைத்துச் சமமாக்குவது. கதவுச் சட்டத்தோடு வைத்துப் பார்க்கும்வரை ஓரத்தில் கை வைக்க வேண்டாம்.