சோதிலிங்கம் எடுத்த படம்

மாதா கோயில் வாசலில் கமெராவோடு வந்திறங்கிய ஆளைக் கண்டதும் அருள்ராணிக்குத் திக்கென்றது. சாட்சாத் சோதிலிங்கமேதான்.

“எமிலியா, வேறை ஆள் கிடைக்கேல்லையோடி உனக்கு?”

“வழமையா வாறவர் திராமனிலை கலியாணவீடாம், அம்மா. யாழ்ப்பாணத்திலை மாமி போனும் கையுமா இருக்கிறா. நான் என்ன செய்ய?”

மகள் சொன்னதும் நியாயம்தான். விசா கிடைக்காத மச்சாள், செத்துப்போன தன் தம்பியின் முகத்தையாவது நேரலையில் பார்க்கவேண்டுமென்று அழுதுகொண்டிருக்கிறாள். ஆனால் உள்ளே சவப்பெட்டிக்குள் கிடக்கிற புருசன் ஞானரட்ணம் சொன்னதை என்ன செய்வது? “நான் செத்தாலும் அவன்ரை கமெரா என்ரை பக்கம் திரும்பக்கூடாது!”

சும்மா வந்த கோபமா அது! இந்தக் குளிர்தேசத்தில், ஹொல்ம்லியாவில் முதன்முதல் தமிழ்ப்பட வீடியோக் கடை போட்டவர் ஞானரட்ணம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உள்ளே கால்வைக்க இடமிராது. அடுத்த வருசமே சோதிலிங்கம் கடை கிடை ஒன்றுமில்லாமல் தொழிலில் இறங்கினான். தூர வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த தமிழ்ச்சனத்துக்குத் தபாலில் கசெற் அனுப்பினான். எல்லாம் ஞானரட்ணத்தின் கடையில் ஆள்விட்டு எடுத்து அடித்த கொப்பி. கதாநாயகி அழுகிற இடமாகப் பார்த்து, அவள் முகத்துக்குக் குறுக்கே தன் போன் நம்பரையும் ஓடவிடுவான். பிறகு திராமனில் ஒருவன் பெட்டிக்கடையில் சிகரெட்டோடு படமும் வாடகைக்கு விட்டான். கடைசியில் இன்டர்நெட் வந்து மூவரையும் வழித்துக்கொண்டு போனது. சோதிலிங்கம் கமெரா தூக்கிய பிறகும் கோபம் மட்டும் போகவில்லை.

“நம்புங்கோ அக்கா, இண்டைக்கு ஒரு நம்பரும் ஓடாது. அண்ணையின்ரை முகம் பளிச்செண்டு தெரியும்,” என்றான் சோதிலிங்கம்.

“ஓடிச்சுதோ, செத்தவீடெண்டும் பாக்கமாட்டன்!”

பூசையில் அவள் மனம் ஒட்டவில்லை. ஒரு கண் பெட்டியில், மற்றக் கண் மடியில் நேரலை ஓடிய போனில். சொன்னபடியே அவர் முகம் துலக்கமாகத் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

மூடிய பெட்டியைத் தூக்குகிற நேரம் படம் சடாரெனச் சரிந்தது. தரையும் சப்பாத்துகளும்தான் தெரிந்தன. உடனே மச்சாளின் அழைப்பு.

“என்னடி ராணி, தம்பியைக் காணேல்லை, காலுகள் மட்டுமெல்லே தெரியுது! எந்த விசரன் படம் எடுக்கிறான்?”

அருள்ராணி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். கமெரா, ஆட்கள் எழுந்துபோன வாங்கின்மேல் சரிந்து கிடந்தது. சோதிலிங்கம் பெட்டியின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் துடைக்கக் கையில்லாமல், விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“பொறுங்கோ மச்சாள்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கமெராவைத் தானே தூக்கினாள். பெட்டிக்கு முன்னால் ஓடிப்போய் நின்று அதைத் திருப்பினாள்.

“இப்ப வடிவாத் தெரியுது,” என்றாள் மச்சாள். “ஆரடி அந்தப் பின்னாலை நிண்டு அழுற மனுசன்? எங்கடை ஆக்களோ?”

“ஓம் மச்சாள், எங்கடை ஆள்தான்.”

படம் ஆடாமலிருக்க அவள் மெல்ல மெல்லப் பின்பக்கமாக நடந்தாள். வாசற்படியில் விழுந்துவிடாமல் எமிலியா ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.